பத்து வாரத்தில் ஒரு பாடம்: குவார்ட்டர் முறை எனக்கு ஒத்துவருமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பி.இ. கணினி அறிவியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். சிஜிபிஏ 8.1, அரியர் இல்லை. எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் இரண்டு இடங்களிலிருந்து அட்மிட் வந்திருக்கிறது. ஒன்று கலிஃபோர்னியாவில், குவார்ட்டர் முறை. மற்றது டெக்சஸில், செமஸ்டர் முறை. மொத்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். "குவார்ட்டர்ல மாட்டினா மூச்சு விட நேரம் இருக்காது, இன்டர்ன்ஷிப்பும் கஷ்டம்" என்கிறார் ஒரு சீனியர். "சீக்கிரம் முடிச்சிட்டு வேலைக்குப் போயிடலாம்" என்கிறார் இன்னொருவர். அப்பா வங்கிக் கடன் வாங்கித்தான் அனுப்புகிறார். எதைத் தேர்ந்தெடுப்பது, ஐயா?
— வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் இரண்டு சீனியர்களும் பாதிப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்டர்ன்ஷிப் பயம் கொஞ்சம் மிகை. சீக்கிரம் முடிக்கலாம் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. மூச்சு விட நேரமில்லை என்பது மட்டும் உண்மை. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி உண்மை அல்ல.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நமக்குக் குவார்ட்டர் என்றால் பள்ளியில் எழுதிய காலாண்டுத் தேர்வு நினைவுக்கு வரும் (வேறு சிலது நினைவுக்கு வருபவர்களும் உண்டு, அதை விடுங்கள்). அங்கே ஆண்டை இலையுதிர், குளிர், வசந்தம், கோடை என்று நான்காக வகுத்து, அதில் ஒன்றைக் குவார்ட்டர் என்கிறார்கள். கோடையைப் பெரும்பாலோர் படிப்புக்குப் பயன்படுத்துவதில்லை. ஆகவே படிப்பது மூன்று. ஒவ்வொன்றும் 10 வாரப் பாடம், அடுத்த வாரம் ஃபைனல்ஸ். செமஸ்டர் என்றால் ஏறத்தாழ 15 வாரப் பாடம், ஆண்டுக்கு இரண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் 1892-இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் குவார்ட்டர் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு ஸ்டான்ஃபோர்ட், நார்த்வெஸ்டர்ன், வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவை இதில்தான் ஓடுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, இர்வைன், டேவிஸ் போன்றவை குவார்ட்டர். 1960-களில் குவார்ட்டருக்குப் போன பெர்க்லி 1983-இல் செமஸ்டருக்கே திரும்பியது. ஜார்ஜியா டெக் 1999-இலும் ஒஹையோ ஸ்டேட் 2012-இலும் மாறின. செமஸ்டர் பக்கம் காற்று அடிப்பது உண்மைதான். அதை வைத்து உங்கள் முடிவை எடுக்க வேண்டியதில்லை.

இனி கணக்கு. பாடத்தின் அளவைச் செமஸ்டர் இடங்களில் கிரெடிட் என்றும், குவார்ட்டர் இடங்களில் யூனிட் என்றும் எண்ணுவார்கள். ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரைக் குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் எம்.எஸ்.ஸுக்கு 45 யூனிட் வேண்டும், ஜார்ஜியா டெக்கில் 30 கிரெடிட். மூன்றில் இரண்டு பங்கு எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. உங்கள் அட்மிட் கடிதத்தில் ஒன்று 40 யூனிட், மற்றது 30 கிரெடிட் என்று இருந்தால் குவார்ட்டர் பக்கம் அதிகம் படிக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 4 யூனிட் பாடம் பத்து, 3 கிரெடிட் பாடம் பத்து. பாட எண்ணிக்கை ஒன்றுதான்.

வாரச் சுமைதான் வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு வாரம் 3 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து. 4 யூனிட் பாடத்துக்கு வாரம் 12 மணி. மூன்று பாடம் எடுத்தால் 36 மணி. செமஸ்டரில் 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி. மூன்று பாடத்துக்கு 27 மணி. இது ஏட்டுக் கணக்கு. புரோகிராமிங் அசைன்மென்ட் உள்ள பாடத்தில் இதைத் தாண்டிப் போகும்.

இப்போது "சீக்கிரம் முடிக்கலாம்" என்பதைப் பாருங்கள். குவார்ட்டரில் 3, 3, 3 என்று எடுத்து, கோடையை விட்டு, அடுத்த இலையுதிர் காலத்தில் மீதி ஒன்றை முடித்தால் இரண்டாவது டிசம்பரில் பட்டம். செமஸ்டரில் அதே 36 மணி நேரச் சுமையைத் தாங்க நீங்கள் தயார் என்றால் நான்கு பாடம் எடுக்கலாம். 4, 4, அடுத்த இலையுதிரில் 2. அதுவும் அதே டிசம்பர்தான்! உங்கள் சீனியர் ஒப்பிட்டது குவார்ட்டரில் ஓடுபவரையும் செமஸ்டரில் நடப்பவரையும். ஒரு சின்ன லாபம் உண்டு: பருவத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால், குவார்ட்டரில் கட்டுவது ஒன்றேகால் ஆண்டுக்குச் சற்றே கூடுதல், செமஸ்டரில் ஒன்றரை ஆண்டு. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடத்தில் அதுவும் இல்லை.

அடுத்தது, மூச்சு விட முடியாத விஷயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நம் ஊர்ப் பொறியியல் படிப்பு எப்படி ஓடுகிறது? முதல் மாதம் நிதானம். முதல் இன்டர்னல், இரண்டாவது இன்டர்னல், மாடல் எக்ஸாம். அதற்குப் பின் ஸ்டடி ஹாலிடேஸ். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் சிலபஸின் ஐந்து பகுதிகளையும் முடித்து, யுனிவர்சிட்டி எக்ஸாமில் தேறிவிடலாம். இதில் தப்பு ஒன்றுமில்லை. அந்த அமைப்புக்கு ஏற்ற பழக்கம் அது. குவார்ட்டரில் அந்த ஸ்டடி ஹாலிடேஸ் கிடையாது. பத்தாம் வாரம் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு, திங்கட்கிழமை ஃபைனல்ஸ் தொடக்கம். சில இடங்களில் அந்தச் சனிக்கிழமையே ஒரு பரீட்சை இருக்கும்.

ஒரு குவார்ட்டர் உள்ளே எப்படி இருக்கும் என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் இலையுதிர்க் குவார்ட்டர் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை தொடங்கும். அந்த அரைகுறை வாரத்துக்குப் பூஜ்ய வாரம் என்று பெயர். முதல் வாரத்தில் சிலபஸோடு முதல் அசைன்மென்ட்டும் வந்துவிடும். இரண்டாம் வாரம் அதைக் கொடுக்க வேண்டும், புராஜெக்ட்டுக்கு டீம் சேர்த்திருக்க வேண்டும். நான்காம் வாரம் முதல் மிட்டர்ம், அதாவது பருவத்தின் இடையில் வரும் தேர்வு. மூன்று பாடத்துக்கும் இரண்டிரண்டு மிட்டர்ம் இருந்துவிட்டால் நான்காம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் வரை ஏதாவது ஒரு பரீட்சை முன்னால் நின்றுகொண்டே இருக்கும். தீபாவளி சரியாக அதற்கு நடுவில் வரும், ஊருக்கு வீடியோ காலில்தான் பட்டாசு பார்ப்பீர்கள். ஒன்பதாம் வாரத்தை ஒட்டி நன்றி நவிலல் விடுமுறை. அதில் எல்லோரும் தூங்கி எழுந்து வந்தால் பத்தாம் வாரம் புராஜெக்ட் பிரசென்டேஷன்.

இதில் எங்கே உடைகிறது? கடைசியில் அல்ல. முதல் மூன்று வாரத்தில்தான். வீடு தேடுவது, வங்கிக் கணக்கு, போன் சிம், சமூகப் பாதுகாப்பு எண், புது ஊர், தூக்கம் மாறியது என்று அந்த மூன்று வாரம் போய்விடும். செமஸ்டரில் மூன்று வாரம் போனால் 15-இல் 3, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மிட்டர்முக்கு இன்னும் நாலு வாரம் கையில் இருக்கும். குவார்ட்டரில் அது 30 சதவீதம், அடுத்த வாரம் பரீட்சை. காத்திருப்புப் பட்டியலில் இருந்து இரண்டாம் வாரக் கடைசியில் இடம் கிடைத்து ஒரு பாடத்துக்குள் நுழைபவர் நிலை இன்னும் மோசம். அவர் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்தபின் வருகிறார். இடம் கிடைக்கும் என்று நம்பிக்கை இருந்தால் முதல் நாளிலிருந்தே வகுப்பில் உட்கார்ந்து, அசைன்மென்ட்டையும் செய்துகொண்டிருக்க வேண்டும்.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு. உடனே பேராசிரியருக்கு மெயில் போடுங்கள். எழுந்து நடமாடிய பிறகு போடுவது பலருடைய தவறு. படிப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போனால் 'இன்கம்ப்ளீட்' என்று போட்டு, பெரும்பாலும் அடுத்த குவார்ட்டருக்குள் முடிக்க அனுமதிப்பார்கள். ஏற்கெனவே பின்தங்கியவருக்கு அதைத் தர மாட்டார்கள்.

அரியர் என்ற வசதியும் அங்கே இல்லை. தேறாவிட்டால் அடுத்த நவம்பரில் பரீட்சை மட்டும் எழுதிக் கொள்ளலாம் என்பது நடக்காது. பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும். எம்.எஸ்.ஸுக்கு நாலுக்குச் சராசரி 3.0, அதாவது பி, தேவைப்படும். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால் கெடு தேதிக்குள் விட்டுவிடலாம். குவார்ட்டரில் அந்தக் கெடு மூன்றாம் நான்காம் வாரத்திலேயே வந்துவிடும், அதாவது முதல் மிட்டர்ம் மார்க் வருவதற்கு முன்பே கூட. அதன்பின் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' (பாடத்திலிருந்து விலகியவர் என்ற குறி) விழும். இன்னொன்றும் கவனியுங்கள்: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முன் அனுமதி இல்லாமல் முழுநேரப் படிப்புக்குக் குறைவாகப் போனால் விசா நிலையே பறிபோகும். பாடத்தை விடும் பட்டனை அழுத்துவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேச வேண்டும். அழுத்திய பிறகு பேசிப் பயனில்லை.

இவ்வளவு சொன்னதால் குவார்ட்டர் மோசம் என்று நினைக்க வேண்டாம். ஓராண்டில் ஆறு பாடம் எடுப்பவர் ஒன்பது பாடம் எடுக்கலாம். பிடிக்காத ஆசிரியர் என்றால் பத்து வாரத்தில் ஆள் மாறிவிடுவார். ஒரு குவார்ட்டரில் சறுக்கினால் அது மொத்தத்தில் நாலில் ஒன்றுதான். டிசம்பர் விடுமுறையும் மார்ச் கடைசி விடுமுறையும் பருவம் முடிந்தபின் வருவதால் தலையில் அசைன்மென்ட் இல்லாமல் தூங்கலாம். செமஸ்டரில் வசந்த விடுமுறை பருவத்தின் நடுவில் வந்து, பாதிப் பேருக்கு அது புராஜெக்ட் வாரமாகிவிடும். டிஏ வேலைக்கும் (பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவும் மாணவர் வேலை) ஆண்டுக்கு மூன்று முறை கதவு திறக்கும். பதிலுக்கு, மூன்று முறையும் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் குவார்ட்டரில் கிடைத்தது அடுத்ததில் கிடைக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்டர்ன்ஷிப் விஷயம். குவார்ட்டர் ஜூன் நடுவில் முடியும், செமஸ்டர் மே நடுவிலேயே. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் மே, ஜூன் என்று இரண்டு தொடக்கத் தேதிகள் இருப்பதால் இது சிக்கலாகாது. ஜூன் நடுவில் சேர்ந்து 12 வாரம் முடித்தால் செப்டம்பர் முதல் வாரம். வகுப்புக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் மிச்சம். மே தொடக்கத்தை மட்டும் வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களில்தான் இடிக்கும். ஆஃபர் பேசும்போதே ஜூன் மூன்றாம் வாரம் சேர முடியும் என்று சொல்லிவிடுங்கள், கையெழுத்திட்ட பிறகு கேட்காதீர்கள். எஃப்-1 மாணவர் சிபிடி, அதாவது படிக்கும்போதே துறை சார்ந்த வேலை செய்யும் அனுமதி, பெற ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். மூன்று குவார்ட்டரும் முடித்தால் அந்த நிபந்தனை நிறைவேறும், முதல் கோடைக்கே போகலாம். இலையுதிரிலோ குளிரிலோ ஒரு குவார்ட்டர் முழுநேரமாக வேலைக்குப் போய்வரும் வழியும் சில துறைகளில் உண்டு, போட்டி குறைவு. ஆனால் முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி, அதாவது படிப்பு முடிந்தபின் அங்கே வேலை செய்யும் அனுமதி, போய்விடும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடும். டெக்சஸில் சேர்ந்தவர் அப்போது வகுப்பில் இருப்பார், கேரியர் ஃபேர் என்ற வேலைவாய்ப்பு முகாமுக்கும் போய் வந்திருப்பார். நீங்கள் கோவையில் பெட்டி கட்டிக்கொண்டு இருப்பீர்கள். ஆகவே ரெஸ்யூமே ஜூலையில் தயாராக வேண்டும், விமானம் ஏறும் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு மாதத் தாமதத்தில் நன்மையும் உண்டு. ஐ-20-இல் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னதாகத்தான் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும் என்பதால் டெக்சஸுக்கு ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் கிளம்ப வேண்டும், கலிஃபோர்னியாவுக்குச் செப்டம்பரில். கடைசி செமஸ்டர் ரிசல்ட்டும் புரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் கைக்கு வர இழுத்தடித்தாலும், விசா நேர்காணல் தேதி தள்ளிப் போனாலும், அந்த மாதம் உயிர்காக்கும்.

வங்கிக் கடன் பற்றி அப்பாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். குவார்ட்டர் முறையில் ஆண்டுக்கு மூன்று முறை பணம் கட்ட வேண்டும்: ஏறத்தாழ செப்டம்பர், டிசம்பர், மார்ச். வங்கியின் ஒப்புதல் கடிதத்தில் வழக்கம் போல "செமஸ்டர்" என்று இரண்டு தவணை அடித்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்றாக மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மார்ச் தவணைக்கு மேலாளரிடம் போய், மூன்றாவது செமஸ்டர் எங்கிருந்து வந்தது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். மார்ச் என்பது நம் வங்கிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் என்பதையும் மறக்க வேண்டாம். இன்வாய்ஸ் வந்த அன்றே அனுப்பிவையுங்கள்.

நாள்காட்டியை விடப் பெரிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. குவார்ட்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் தன் சிறப்புப் பாடத்தை ஆண்டுக்கு ஒரே ஒரு குவார்ட்டரில்தான் நடத்துவது வழக்கம். பாடங்கள் சங்கிலியாகவும் இருக்கும்: இலையுதிரில் அடிப்படை, குளிரில் அடுத்தது, வசந்தத்தில் உயர்நிலை. இலையுதிர்ப் பாடத்தில் இடம் கிடைக்காவிட்டால் பின்னால் உள்ள இரண்டும் போய்விடும், மறுபடி வர ஒரு முழு ஆண்டு. டிசம்பரில் பட்டம் வாங்கத் திட்டமிட்டவருக்கு அந்த ஆண்டு கிடையாது. துறை இணையதளத்தில் பாடப் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் நாற்பது பாடம் இருக்கும், இந்த ஆண்டு நடப்பது பதினைந்தாக இருக்கலாம். இரண்டு இடத்துக்கும் மெயில் போடுங்கள். அடுத்த ஆண்டு எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், கடந்த ஆண்டு அதில் எம்.எஸ். மாணவர்களுக்கு இடம் கிடைத்ததா, பி.எச்டி. மாணவர்களுக்கு முன்னுரிமையா என்று மூன்று கேள்வி போதும். ஆய்வறிக்கை எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: ஒரே பேராசிரியரிடம் தொடர்ந்து இரண்டு மூன்று குவார்ட்டர் ஆய்வு யூனிட் எடுக்க விடுவார்களா? பத்து வாரத்தில் ஆய்வு முடியாது, தொடங்கத்தான் முடியும்.

இனி உங்களைப் பற்றி. 8.1 என்ற எண் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கடைசி நாலு செமஸ்டரின் முதல் இன்டர்னல் மார்க்கை எடுத்து வையுங்கள், பக்கத்தில் அதே பாடத்தின் யுனிவர்சிட்டி கிரேடை எழுதுங்கள். முதல் இன்டர்னலிலேயே 70, 80 எடுத்து அதே நிலையில் முடித்திருக்கிறீர்கள் என்றால் குவார்ட்டரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை, பாடப் பட்டியல் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போங்கள். முதல் இன்டர்னலில் 35, 40, கடைசியில் ஏ கிரேடு என்ற கதை பாடத்துக்குப் பாடம் வந்தால், நீங்கள் கெட்டிக்காரர்தான், ஆனால் ஸ்டடி ஹாலிடேஸில் ஜெயிப்பவர். அப்படியென்றால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது, நான் டெக்சஸைத்தான் சொல்வேன். இல்லை, கலிஃபோர்னியாவில்தான் உங்களுக்கு வேண்டிய பாடமும் பேராசிரியரும் இருக்கிறார்கள் என்றால் போங்கள், முதல் குவார்ட்டரில் மட்டும் முழுநேரத்துக்குத் தேவையான குறைந்தபட்ச யூனிட் எவ்வளவோ அதோடு நிறுத்துங்கள். அதில் ஒரு பாடமாவது பி.இ.யில் ஏற்கெனவே படித்ததன் மேல்படியாக இருக்கட்டும். அந்தப் பாடத்தின் போன ஆண்டு முதல் அசைன்மென்ட் பல இடங்களில் பாடத்தின் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். ஆகஸ்டில் கோவையில் உட்கார்ந்தே அதைச் செய்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதன்பின் எத்தனை பாடம் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.